அன்னாரின் அன்பு மருமகன்

லிஃப்ட் வந்து நின்ற சத்தம் கேட்டது. கதவு திறந்து மூடின சத்தம். பிறகு சப்பாத்துச் சத்தம், ஒன்பது அடி. பிறகு ஒன்றும் இல்லை. மணி அடிக்கவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. அப்போதே எனக்கு விளங்கிவிட்டது, செத்தவீட்டுக்காரர் என்று. தபால்காரன் என்றால் அடித்துவிட்டு ஓடுவான். பொலிஸ் என்றால் இரண்டு பேருடைய சப்பாத்து கேட்கும். கீழ்வீட்டுக் கிழவி என்றால் உடுப்புத் தோய்க்கிற முறைநாளைப் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டே வருவாள். மரண அறிவித்தல் கொடுக்க வருகிறவர்கள் மட்டும்தான் கால்மிதியில் நின்று மூச்சு வாங்குவார்கள்.

வாங்கோ தம்பி. அந்தக் கதிரை வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இதில் இருங்கோ. தேத்தண்ணி குடியுங்கோ. பால் இல்லை, வெறுந்தேத்தண்ணிதான். பாண் சுடுகிற தொழிற்சாலையில் எனக்கு இரவு வேலை. வந்து படுத்து எழும்பப் பின்னேரம் ஆகிவிடும். கடைக்குப் போகிற நேரத்தில் கடைக்காரன் பூட்டிவிட்டுப் போயிருப்பான்.

அப்பாவுக்கு எத்தனை வயது? எழுபத்தொன்பது. சரி. சொல்லுங்கோ, தட்டிக்கொண்டு போகிறேன். வைத்திலிங்கம் கனகசபாபதி. ஓய்வுபெற்ற தபாலதிபர். நல்லது, அதை அடைப்புக்குறிக்குள் போடுவோம். காலஞ்சென்ற வைத்திலிங்கம், சின்னப்பிள்ளை தம்பதிகளின் அன்பு மகனும். இனி மனைவி. உங்கள் அம்மா இருக்கிறாவோ? இருக்கிறா. அப்போ அவவுக்குக் காலஞ்சென்ற வராது. இதில்தான் கனபேர் பிழைவிடுகிறது. இனிப் பிள்ளைகள். நீங்கள் நாலு பேர். மூத்தவர் பேர்?

ம்?

மூத்தவரை விடுகிறதோ?

என்ன தம்பி கதைக்கிறீர்கள். கொள்ளி வைக்கிற பிள்ளையை விட்டுவிட்டு யாரைப் போடுவது? ஏதும் காணிச் சண்டையோ? இல்லை. அப்போ?

சாட்சியோ. ஒரு வழக்கில் சாட்சி. ஊரில் இல்லை, வேறு இடத்தில் வைத்திருக்கிறீர்கள். விளங்குகிறது. மற்ற மூன்று பேருடைய பேருக்கும் பக்கத்தில் அவர்கள் இருக்கிற ஊரைப் போட்டால் அவருக்கும் போடவேண்டும். போடாமல் விட்டால், ஏன் போடவில்லை என்று பார்க்கிறவன் பார்ப்பான். அதனால் ஆளையே விடச் சொல்கிறீர்கள். இதைத் தொலைபேசியில் சொல்ல ஏலாது என்றுதான் ரயில் பிடித்து வந்திருக்கிறீர்கள்.

நல்லது, இருங்கோ. ஒன்று சொல்கிறேன். கேட்டுவிட்டு முடிவெடுங்கோ. மரண அறிவித்தலால் ஒருவருக்கும் ஒன்றும் நடக்காது. அதை என்னைவிட யாருக்குத் தெரியும்?

நான் இந்தத் தொழிலில் இறங்கினதே மரண அறிவித்தலில்தான். படித்தது பத்தாம் வகுப்பு. யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் வேலை கேட்டுப் போனபோது, முன் மேசையில் இருந்து மரண அறிவித்தல் எழுதி எடுக்க விட்டார்கள். ஒருமுறை ஒரு சகலனுடைய பேர் விடுபட்டுப்போய், அந்த மனுசன் மழைக்குக் கொண்டுவந்த குடையால் எனக்கு அடிக்க வந்துவிட்டார். "நான் உயிரோட இருக்கிறன் எண்டு சனத்துக்கு என்னெண்டு தெரியும்?" என்று கேட்டார். அன்றைக்குப் பிடித்த பாடம். பேர் விடக்கூடாது. பேர் விட்டால் ஆளையே அடித்துத் துரத்தின மாதிரி.

இங்கே சுவிஸுக்கு வந்த பிறகு ஒரு பொம்பிளைப் பிள்ளை வந்தது. தகப்பனின் அறிவித்தல். தன்னுடைய புருஷனின் பேரைக் காலஞ்சென்றவர்களோடு போடச் சொன்னது. "ஆள் உயிரோடதானே தங்கச்சி, போன கிழமையும் சந்தையிலை கண்டனே" என்றேன். "எனக்கு அவர் எப்பவோ செத்திட்டார் அண்ணை" என்றது. நான் மாட்டேன் என்றுவிட்டேன். உயிரோடு இருக்கிறவரை உயிரோடு இருக்கிறவர்களோடுதான் போடவேண்டும். அது சட்டம்.

அந்த யாழ்ப்பாணப் பத்திரிகையில் பிறகு செய்தியும் எழுதினேன். எழுதினதால் ஊரை விட்டு வெளிக்கிடவேண்டி வந்தது. அந்தக் கதை வேண்டாம், அது எல்லோரிடமும் ஒன்று இருக்கிறது. இங்கே வந்து ஆறு வருஷம் வாய் மூடிக்கொண்டு பாண் சுட்டேன். பிறகு ஏலாமல் போய் 'தொடுவாய்' இணையத்தளம் தொடங்கினேன். ஆசிரியர் குழு என்று போட்டிருக்கும், கண்டிருப்பீர்கள். குழு என்றால் நான் ஒருவன்தான். இந்த மேசை, இந்தக் கணினி.

வெளியில் இருந்துகொண்டு உள்ளூர்ச் செய்தி எழுதுவது என்னவென்று தெரியுமோ தம்பி? காது அங்கே, மற்றதெல்லாம் இங்கே. குளம் வற்றிவிட்டது என்று எழுதுவேன். அந்தக் குளத்தை நான் கண்டு பதினாறு வருஷம். அது எந்தப் பக்கம் வற்றியிருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு யோசித்துப் பார்ப்பேன். பிறகு யாராவது தொலைபேசி எடுத்து, "அண்ணை, அந்தக் குளத்தை மூடிக் கடை கட்டி நாலு வருஷம்" என்பார்கள். அப்படிப் பிழையும் வந்திருக்கிறது. இரண்டு தரம். திருத்தம் போட்டேன்.

அங்கே இருக்கிறவர்கள், எழுதுகிறவன் யார் என்று தெரியாமலே, பயங்கரவாதியின் ஆள் என்றார்கள். இங்கே இருக்கிறவர்கள் துரோகி என்றார்கள். ஒரே செய்திக்கு, ஒரே நாளில். கோயில் நிர்வாகத் தெரிவைப் பற்றி ஒன்று எழுதினேன், அதோடு கடைக்காரர்கள் விளம்பரம் தருவதை விட்டார்கள். மரக்கறிக்கடைப் பொடியன் என்னைக் கண்டால், "அண்ணை, வெண்டிக்காய் முத்திப்போச்சு, அதையும் எழுதுவியளோ?" என்று கேட்பான். கடை முழுக்கச் சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரிக்காமல் என்ன செய்வது, வெண்டிக்காய் வேண்டும்தானே.

கடைசியில் தளத்தைத் தூக்கிப் பிடித்தது மரண அறிவித்தல்தான். சனம் அதற்குத்தான் வந்தது. ஒரு நல்ல செய்தியை, ஆறு கிழமை பாடுபட்டு எடுத்த செய்தியை, முன்னூறு பேர் வாசிப்பார்கள். கனடாவில் செத்துப்போன ஒரு கிழவரின் அறிவித்தலை ஒன்பதாயிரம் பேர் பார்ப்பார்கள். அதனால் நான் ஒரு வேலை செய்தேன். அறிவித்தலுக்குப் பக்கத்திலேயே செய்தியைப் போட்டேன். கிழவரைப் பார்க்க வருகிறவன் ஆற்றையும் பார்க்கட்டும் என்று.

ஆறு. ஓம். பெரியமண்ணடி ஆறு. ஆற்றங்கரையில் லொறி லொறியாக மண் அள்ளினார்கள். பத்து லொறிக்கு அனுமதி எடுத்துக்கொண்டு நூறு லொறி போனது. கிணறெல்லாம் உவர் பற்றிவிட்டது. இதை இரண்டு வருஷமாக எழுதினேன். மற்றப் பத்திரிகைகள் ஆற்றில் மண் அள்ளப்படுவதாக மக்கள் கவலை என்று எழுதும். நான் அனுமதிப் பத்திர இலக்கம் போட்டு எழுதினேன். திகதி போட்டு. கையெழுத்து எந்த மேசையில் வைக்கப்பட்டது என்று போட்டு.

எப்படி என்றால், எனக்கு ஒரு ஆள் இருந்தார். அந்த அனுமதி கொடுக்கிற கந்தோரில், அதே பிரிவில், கிளாக். பேர் தவனேசன். என்னுடைய தங்கை சுகிர்தாவின் புருஷன்.

நல்ல பயந்த சுபாவம். முதல்முதலில் அவராகத்தான் எடுத்தார். "அத்தான், ஒண்டு காட்டவேணும், ஆனா நான் காட்டினதெண்டு இருக்கக்கூடாது" என்றார். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, சாப்பாட்டுப் பையைத் திறந்து வைத்துக்கொண்டு அதற்குள் கைபேசியை வைத்துக் கடதாசியைப் படம் எடுப்பார். எடுத்து அனுப்பும்போது, 'ஆரபி கீறின படம்' என்று எழுதி அனுப்புவார். ஆரபி என்றது அவருடைய மகள், அப்போது ஏழு வயது. நான், 'மருமகள் நல்லாக் கீறுறா' என்று பதில் போடுவேன். பிறகு இரண்டு பேரும் எல்லாவற்றையும் அழித்துவிடுவோம். அப்படிப் பதினெட்டுப் படம் கீறினா ஆரபி.

நான் ஒருநாளும் அவருடைய பேரை எழுதியதில்லை. இதைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கோ. ஒரு துண்டுக் கடதாசியில்கூட எழுதியதில்லை. இதற்கென்று ஜெனீவாவில் இரண்டு நாள் வகுப்பு நடத்தினார்கள், போய்ப் படித்தேன். தகவல் தருகிறவரை எப்படிக் காப்பாற்றுவது என்று. அந்தா, அடுப்புக்கு மேலே தொங்குகிறது சான்றிதழ். எண்ணெய் பட்டு மஞ்சளாகிவிட்டது. வகுப்பு எடுத்த வெள்ளைக்காரி சொன்னா, நான்தான் அந்த வகுப்பிலேயே கவனமான ஆளாம். என்னுடைய பேரையே நான் எங்கும் போடுவதில்லை, பிறகு அவருடைய பேரை எங்கே போடுவது? தொடுவாய் யாருடையது என்று இங்கே நாலு பேருக்குத் தெரியும், ஊரில் ஒரு குருவிக்கும் தெரியாது. அம்மாவுக்கே தெரியாது. "என்ரை மோன் சுவிஸிலை பாண் சுடுறான்" என்றுதான் சாகும்வரைக்கும் சொன்னா. அயலில் ஒரு வாத்தியார் இருந்தார். "எழுதிக்கொண்டு திரிஞ்ச பொடியன், கடைசியிலை பாண் சுடப் போட்டான்" என்று அம்மாவுக்கு முன்னாலேயே சொல்வாராம். அம்மா அதை எனக்குச் சொல்லி, "பாணெண்டாலும் வெள்ளைக்காரன் சாப்பிடுற பாண்தானே" என்பா.

சரி. அம்மா செத்தா.

வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுகிறேன், சுகிர்தா எடுக்கிறாள். மூச்சுச் சத்தம்தான் கேட்டது. எனக்கு விளங்கிவிட்டது. எனக்கு இங்கே இருக்கிறது எஃப் விசா, தம்பி. இருக்கலாம், போகமுடியாது. போனால் வரமுடியாது. வந்தாலும், போன இடத்தில் இருந்து உயிரோடு வரவேண்டுமே. ஆகவே நான் செய்யவேண்டியதை எல்லாம் தவனேசன்தான் செய்யவேண்டியிருந்தது. கொள்ளி வைப்பது உட்பட. நான் ஒருவர் பிடித்த கைபேசியில் பார்த்தேன். பார்த்தது என்ன, பாதி நேரம் யாருடையதோ முதுகு.

எனக்கு அம்மாவுக்குச் செய்ய இருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்த அறிவித்தல். என் வாழ்க்கையில் ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கிறேன், எல்லாம் மற்றவர்களுடைய அம்மா. இது என்னுடைய அம்மா. அன்று மத்தியானம் முழுக்க இந்த மேசையில் இருந்து எழுதினேன். எழுதி முடித்து, ஒரு பேரும் விடுபடவில்லையோ என்று தவனேசனை எடுத்து வாசித்துக் காட்டினேன்.

எல்லாம் கேட்டார். கேட்டுவிட்டு, "அத்தான், என்ரை பேர் தேவையோ?" என்றார்.

"என்ன கதை இது? ஒரேயொரு மருமகன். கொள்ளி வைக்கப்போறனீர்."

"இல்லை, உங்கட பேருக்குப் பக்கத்திலை வருது. அதுதான் யோசிச்சன்."

"அம்மாவின்ரை அறிவித்தல் தவனேசன். அதிலை என்ன இருக்கு?"

பின்னால் ஒப்பாரிச் சத்தம் கேட்டது. பிறகு, "சரி அத்தான். அப்ப கந்தோரையாவது போடாதேங்கோவன்" என்றார்.

நீங்களே சொல்லுங்கோ, தம்பி. மற்ற எல்லோருக்கும் போட்டாயிற்று. பெறாமகன் ஒருவர், அம்மாவின் தங்கை மகன், ஒஸ்லோவில் பீட்சாக் கடை வைத்திருக்கிறார், அவருக்கே 'வர்த்தகர்' என்று போட்டேன். கொள்ளி வைக்கிற மருமகனுக்கு மட்டும் வெறும் பேரைப் போட்டால், சனம் என்ன நினைக்கும்? வேலை வெட்டி இல்லாதவர் என்று நினைக்காதோ? அவருடைய மரியாதைக்குத்தான் போட்டேன். எனக்கு அதில் என்ன லாபம்?

என்னுடைய பேருக்கும் போட்டேன். ஏன் மறைக்கவேண்டும்? அந்த ஒரேயொரு தடவைதான். அம்மாவின் பிள்ளை பாண் மட்டும் சுடவில்லை என்று அந்த ஊர் ஒருதரம் வாசிக்கட்டும் என்று நினைத்தேன். அந்த வாத்தியார் வாசிக்கட்டும் என்று. பிழையோ? மகன் என்று ஒருவன் செத்தவீட்டுக்கு வரவில்லை, காட்ட முகம் இல்லை, அடைப்புக்குறிக்குள் ஒரு வரியாவது இருக்கவேண்டாமோ?

அந்தப் பகுதியை மட்டும் பாடமாகச் சொல்கிறேன், கேளுங்கோ. 'அன்னார், கதிர்காமநாதன் (ஆசிரியர், தொடுவாய் – சுவிஸ்), சுகிர்தா ஆகியோரின் அன்புத் தாயாரும், தவனேசன் (அனுமதிப் பிரிவு – பெரியமண்ணடி) அவர்களின் அன்பு மாமியாரும், ஆரபியின் பாசமிகு அம்மம்மாவும் ஆவார்.' ஒரு எழுத்துப் பிழை இல்லை. ஒரு உறவு விடுபடவில்லை. பதினோராயிரம் பேர் பார்த்தார்கள். தொடுவாயில் இன்றுவரைக்கும் கூடுதலாகப் பார்க்கப்பட்டது அதுதான். ஆற்றைவிட, எல்லாவற்றையும்விட.

இருங்கோ, தேத்தண்ணி ஆறிவிட்டது உங்களுக்கு. வேறு ஊற்றட்டோ? வேண்டாமோ. சரி.

அம்மா செத்து இருபத்தொன்பதாம் நாள் கந்தோருக்கு இரண்டு பேர் வந்தார்களாம். யார் என்று தெரியாது. சாதாரண உடுப்பு. தவனேசனைக் கூப்பிட்டு, மாமியார் செத்ததற்கு அனுதாபம் சொன்னார்களாம். மரியாதையாகத்தான் கதைத்தார்களாம். பிறகு மேசையில் ஒரு கடதாசியை வைத்தார்களாம். அம்மாவின் அறிவித்தல், பிரிண்ட் எடுத்தது. அம்மாவின் படத்தோடு. இரண்டு அடைப்புக்குறிக்கும் கீழே சிவப்புப் பேனையால் கோடு. ஒன்றும் கேட்கவில்லையாம். வைத்துவிட்டுப் போய்விட்டார்களாம். இதைச் சுகிர்தாவுக்குச் சொல்லியிருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை. ஏன் எனக்குச் சொல்லவில்லை? அதுதான் எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. நான் வகுப்பில் படித்தவன். சொல்லியிருந்தால் என்ன செய்யவேண்டும் என்று சொல்லியிருப்பேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. வீடு நிறையச் சனம். சாப்பாட்டுக்கு வாழையிலை காணாது என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். பத்து நிமிஷத்தில் வரவேண்டிய ஆள். சனம் பந்தியில் இருந்துகொண்டு பார்த்துக்கொண்டு இருந்தது. பிறகு பேப்பர் விரித்துச் சாப்பாடு போட்டார்களாம். மோட்டார் சைக்கிள் மதகடியில் நின்றது. இலைக்கட்டு பின்னால் கட்டினபடி இருந்தது. ஆள் இல்லை.

இன்றோடு நானூற்றிப் பத்தொன்பது நாள்.

சுகிர்தா அன்றைக்கு எடுத்தாள். அழவில்லை. "உன்ரை அறிவித்தல்தான் அண்ணா" என்றாள். "ஆளைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினாலும் உப்பிடிக் காட்ட ஏலாது. நீ பேர் போட்டு, கந்தோர் போட்டு, உன்னையும் பக்கத்திலை நிப்பாட்டிக் காட்டியிருக்கிறாய்."

நான் சொன்னேன், "சுகிர்தா, அது எங்கட தளத்திலை எடுத்த பிரிண்ட் எண்டு உனக்கு என்னெண்டு தெரியும்? லண்டனிலை ஒருத்தன் எங்கட அறிவித்தல் எல்லாத்தையும் களவெடுத்துப் போடுறான். அதிலை எடுத்திருப்பாங்கள்."

அவள் வைத்துவிட்டாள்.

ஆனால் அது உண்மைதான், தம்பி. லண்டன்காரன் எடுத்துப் போட்டவன்தான். பிறகு அனுமதிப் பத்திரப் படங்கள். அவை எந்த மேசையில் இருந்தன என்று பார்த்தாலே தெரிந்திருக்கும். அந்தக் கந்தோரில் யாராவது சாப்பாட்டுப் பையைக் கண்டிருப்பார்கள். ஆயிரம் வழி இருக்கிறது. ஒரு மரண அறிவித்தலைப் பார்த்து ஒருவனைத் தூக்குவார்களோ? தூக்குகிறவர்களுக்கு மரண அறிவித்தல் வாசிக்க நேரம் இருக்குமோ? ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கிறேன், ஒருவருக்கும் ஒன்றும் நடந்ததில்லை.

அதை எடுத்துவிடு என்றும் சுகிர்தா சொன்னாள். எடுக்கவில்லை. எடுத்தால் பிழையை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதோடு, அம்மாவின் அறிவித்தலை எந்தக் கையால் அழிப்பது?

நான் சும்மா இருக்கவில்லை. வகுப்பு நடத்தின அமைப்புக்கு எழுதினேன். ஒரு படிவம் அனுப்பினார்கள், பதினான்கு பக்கம். காணாமல்போனவர் உங்கள் செய்தியாளர் என்பதற்கு என்ன ஆதாரம் என்று ஒரு கேள்வி. நான் என்ன எழுதுவது? ஆதாரம் ஒன்றும் இல்லாமல் வைத்திருப்பதுதானே அவர்கள் படிப்பித்த படிப்பு. பதினெட்டுப் படமும் அழித்தாயிற்று. பேச்செல்லாம் அழித்தாயிற்று. அவரும் நானும் ஒருவருக்கு ஒருவர் என்ன என்று உலகத்தில் எழுதியிருந்த ஒரேயொரு இடம் அந்த அறிவித்தல்தான். அதைத்தான் மொழிபெயர்த்து இணைத்து அனுப்பினேன். மருமகன் என்பதை விளங்கப்படுத்தவே அரைப் பக்கம் பிடித்தது. கவலை தெரிவித்துப் பதில் வந்தது. முறைப்பாட்டுக் கோவை இன்னும் மூடாமல் திறந்திருக்கிறதாம்.

இங்கே இருக்கிற தமிழ் வானொலிக்காரருக்குச் சொன்னேன். "அண்ணை, உங்கட குடும்பப் பிரச்சினையை நாங்கள் என்னெண்டு செய்தியாக்கிறது?" என்றார். வேறொரு தளம் செய்தி போட்டது. 'தொடுவாய் ஆசிரியரின் மைத்துனர் தலைமறைவு, மண் வியாபாரத்தில் பங்காளியா?' என்று. கேள்விக்குறி போட்டால் பிழையில்லை என்று நினைக்கிறார்கள்.

அப்போ நீங்களே எழுதவேண்டியதுதானே என்பீர்கள். எழுதினேன். எழுதி வைத்திருக்கிறேன். இந்தக் கணினியில் இருக்கிறது. நான் எழுதினதிலேயே நல்ல செய்தி அதுதான். ஆனால் சுகிர்தா எழுதவேண்டாம் என்றுவிட்டாள். அவளுடைய கடைசிப் பேச்சு அதுதான் எனக்கு. "நீ எழுதினாய் எண்டால், ஓம், அவன் இவன்ரை ஆள்தான் எண்டு அவங்களுக்கு முடிவாகும். பிறகு உயிரோட வைச்சிருக்கமாட்டாங்கள். நீ எழுதாட்டி, ஒருவேளை இல்லையெண்டு நினைச்சு விட்டாலும் விடுவாங்கள். உன்ரை வாயை மூடிக்கொண்டு பாணைச் சுடு" என்றாள்.

இதற்கு என்ன செய்வது? காணாமல்போனவர்களைப் பற்றி இருபது வருஷம் எழுதினவன். தாய்மாருக்கு நானே சொல்லியிருக்கிறேன், எழுதினால்தான் ஆள் திரும்பும், பேசாமல் இருந்தால் விழுங்கிவிடுவார்கள் என்று. எத்தனை தாய்மார் அதை நம்பிப் பேர் தந்தார்கள், படம் தந்தார்கள். இப்போது என்னுடைய வீட்டுக்கு அது சரியோ பிழையோ என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகுமுன் அந்தச் செய்தியைத் திறந்து, நாள் கணக்கை மட்டும் மாற்றிவிட்டு மூடிவைக்கிறேன். நானூற்றிப் பதினேழு. நானூற்றிப் பதினெட்டு. அவ்வளவுதான் இப்போது என்னுடைய செய்தி எழுத்து. ஆற்றைப் பற்றியும் நிறுத்திவிட்டேன். நான் நிறுத்தினதைப் பார்த்து அவரை விட்டுவிடுவார்களோ என்று ஒரு யோசனை. நிறுத்தினபடியால்தான், ஓம், தவனேசன்தான் தந்தவன் என்று நினைப்பார்களோ என்று மற்ற யோசனை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். மண் போய்க்கொண்டுதான் இருக்கிறதாம். இப்போது இரவில் இல்லை, பகலிலேயே.

ஆகவே தொடுவாயில் இப்போது மரண அறிவித்தல் மட்டும்தான். தொடங்கின இடத்துக்கே வந்துவிட்டேன். அந்தக் குடை கொண்டுவந்த மனுசன் கண்டால் சிரிப்பார்.

இன்னொன்று இருக்கிறது. அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. நான் எழுதி வைத்துவிட்டுச் சுகிர்தாவின் சம்மதத்துக்குக் காத்துக்கொண்டு இருந்தேன். அவள் பதில் போடவில்லை. ஆண்டு நாளன்று அந்த லண்டன்காரனின் தளத்தில் ஒரு அஞ்சலி வந்தது. காசு கட்டிப் போட்டிருக்கிறாள். 'பிரிவால் துயருறும் மகள் சுகிர்தா, மருமகன் தவனேசன், பேத்தி ஆரபி.' அவ்வளவுதான். அடைப்புக்குறி ஒன்றும் இல்லை. தவனேசனை உயிரோடு இருக்கிறவர்களோடு போட்டிருக்கிறாள். அது சரி. அது சட்டப்படி சரி. ஆனால் மகனின் பேர் விடுபட்டிருக்கிறது. ஒரேயொரு ஆண்பிள்ளை. அந்தத் தட்டச்சுக்காரர்கள் கவனம் இல்லை, தம்பி. ஒரு அறிவித்தலில் மகனின் பேர் விடுபட்டால் திருப்பிக் கேட்கவேண்டாமோ? எடுத்துச் சொல்லுவோம் என்றுதான் இருந்தேன். மூன்று தரம் இலக்கத்தை அழுத்தி, பிறகு வைத்துவிட்டேன். வேலை கூடிப்போயிருக்கும் அவர்களுக்கு. நானும் அந்த மேசையில் இருந்தவன்தானே.

அதனால்தான் சொல்கிறேன். பேர் விட்டால் ஆளை விட்ட மாதிரி. உங்கள் அண்ணர் நாளைக்கு அதை வாசித்தால் அவருக்கு எப்படி இருக்கும்? தகப்பனின் அறிவித்தலில் தன்னைக் காணவில்லை என்றால்? எனக்குத் தெரியும் அது எப்படி இருக்கும் என்று.

ம்? என்ன சொன்னீர்கள்?

அவரே கேட்டவரோ.

அவராகவே எடுத்து, என்னுடைய பேரைப் போடவேண்டாம் என்று சொன்னவரோ.

...

இல்லை, ஒன்றும் இல்லை. கண்ணாடியைத் துடைக்கிறேன். இந்தக் கணினி வெளிச்சம் பகலிலும் கண்ணுக்குக் கூடாது.

எந்த இடத்தில் நின்றோம்? பிள்ளைகள். இஞ்சை பாருங்கோ, திரையைத் திருப்புகிறேன், நீங்களே பாருங்கோ. மூத்தவருக்கு என்று ஒரு இடம் விட்டிருந்தேன். இப்போது இல்லை. உங்கள் பேருக்குப் பக்கத்தில் சுவிஸ் என்றும் போடவில்லை. மற்ற இருவருக்கும் ஊர் எடுத்துவிட்டேன். அப்பாவின் தபாலதிபரை மட்டும் விடுகிறேன், அது அவரோடு போகட்டும். தொடர்புக்கு உங்கள் இலக்கம் ஒன்று போதும். அதுவும் வேண்டாமோ? அதுவும் வேண்டாம்.

சனம் கேட்கும். கேட்டால், கதிர்காமநாதன் என்று ஒரு பாண் சுடுகிறவன் பிழையாகத் தட்டிவிட்டான் என்று சொல்லுங்கோ.

இனி மருமக்கள். ஒவ்வொருவராகச் சொல்லுங்கோ. ஆறுதலாகச் சொல்லுங்கோ, வேலைக்கு நேரம் இருக்கிறது.